1989-க்குப் பிறகு வந்தவர்களுக்கு

அன்புள்ள ஸ்விஃப்டிகளே,

உங்களில் பெரும்பாலோர் 'ஷேக் இட் ஆஃப்' வந்த சமயத்திலோ அதற்குப் பிறகோ டெய்லர் ஸ்விஃப்ட் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த ஈராஸ் டூரின் ஆறு இரவுகளில் ஒன்றுக்காகச் சென்னையிலிருந்து விமானம் ஏறியவர்கள் உங்களில் உண்டு. டிக்கெட் கிடைக்காமல், அதே டூரைத் தியேட்டரில் படமாகப் பார்த்து, கை நிறைய ஃப்ரெண்ட்ஷிப் பிரேஸ்லெட் மாட்டிக்கொண்டு, சீட்டில் உட்காராமலே ஆடித் தீர்த்தவர்களும் உண்டு. உங்கள் ஞானத்தில் எனக்கு ஐயமே கிடையாது. எந்தப் பாட்டு எந்த முன்னாள் காதலரைப் பற்றியது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் அத்துப்படி. ஆனால் 2006இல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டால் மட்டும் நெளிகிறீர்கள். "அதெல்லாம் கன்ட்ரி பாடிக்கிட்டிருந்த காலம். அப்புறம் விட்டுட்டாங்க" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறீர்கள்.

அந்த ஒரு வரியோடுதான் என் வழக்கு. 2014இல் அவர் கைகழுவியது கன்ட்ரி வானொலியைத்தான். கன்ட்ரி கற்றுக்கொடுத்த தொழிலை இன்றுவரை விடவில்லை. நீங்கள் 'இதுதான் டெய்லர் ஸ்டைல்' என்று கொண்டாடுவதில் பாதிக்கு மேல் கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லின் சரக்கு.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "அவர் என்றைக்கு அசல் கன்ட்ரியாக இருந்தார்?" என்று கேட்பவர்கள் உங்களைவிடப் பழைய ரசிகர்கள். அவர்கள் கையிலும் ஆதாரம் இருக்கிறது. ஸ்விஃப்ட் 1989 டிசம்பரில் பிறந்தது வடக்கே, பென்சில்வேனியாவில். அப்பா மெரில் லிஞ்ச் நிறுவனத்தில் பங்குத் தரகர். பாட்டி மார்ஜரி ஃபின்லே ஓபரா பாடகி. மகளுக்குப் பெயர் வைத்தது பாடகர் ஜேம்ஸ் டெய்லரை நினைத்து. சின்ன வயதில் கிறிஸ்துமஸ் மரப் பண்ணையில் வளர்ந்தார் என்பதைத் தவிர மண்ணோடு பெரிய ஒட்டுறவு கிடையாது. முதல் ஆல்பத்தில் கேட்கிற அந்தத் தெற்கத்திய இழுவைப் பேச்சு அவர் பிறந்த ஊர்ப் பேச்சே இல்லை, பாட்டுக்காகப் போட்டுக்கொண்டது.

எல்லாம் உண்மைதான். ஆனால் நாஷ்வில் ஒரு தொழில் நகரம். அங்கே பாட்டு எழுதுவது காலை பத்து, பதினொரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வைத்து, இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து செய்கிற ஆபீஸ் வேலை. ஸ்விஃப்ட் போய்ச் சேர்ந்தது அந்த ஆபீஸில்.

11 வயதில் அம்மாவோடு முதல்முறை நாஷ்வில் வந்தபோது கையில் இருந்தது கரோக்கியில் பாடிப் பதிவு செய்த சிடி. டாலி பார்டன் பாட்டு, டிக்ஸி சிக்ஸ் பாட்டு. இசைக் கம்பெனிகள் இருக்கும் மியூசிக் ரோவில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. நன்றாகப் பாடுகிற பெண்கள் அந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர். ஊர் திரும்பி, கிடார் பிடித்து, சொந்தமாக எழுத ஆரம்பித்தார். 13 வயதில் ஆர்சிஏ நிறுவனம் வளர்ப்பு ஒப்பந்தம் ஒன்று கொடுத்தது. 14 வயதில் குடும்பமே நாஷ்வில்லை ஒட்டிய ஹெண்டர்சன்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. 18 வயதுவரை கிடப்பில் போட ஆர்சிஏ பார்க்கிறது என்று தெரிந்ததும் அந்த ஒப்பந்தத்தைவிட்டு வெளியேறினார். அந்த வயதில் பெரிய கம்பெனியை உதறிவிட்டு வர நெஞ்சழுத்தம் வேண்டும்; பங்குத் தரகர் அப்பா பின்னால் நிற்பதும் கொஞ்சம் உதவும்.

பிறகு சோனி ஏடிவி என்ற பாட்டுப் பதிப்பு நிறுவனம் அவரைப் பாட்டெழுதும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனம் வேலைக்கு எடுத்தவர்களிலேயே வயதில் சின்னவர் அவர்தான். பகலில் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி விட்டதும் மியூசிக் ரோ. லிஸ் ரோஸ் என்ற அனுபவசாலியோடு வாராவாரம் உட்கார்ந்து எழுதினார். தன் வேலை பெரும்பாலும் எடிட்டர் வேலைதான், பெண் மூட்டை மூட்டையாகச் செய்தி கொண்டுவருவாள், அதில் எதை வைப்பது எதைத் தள்ளுவது என்பதுதான் கேள்வி என்ற பொருளில் லிஸ் ரோஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நாஷ்வில்லில் 'புளூபேர்ட் கஃபே' என்று ஓர் இடம் உண்டு. போய்ப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: சாலையோரக் கடை வரிசையில் ஒரு கடை, உள்ளே 90 பேர் உட்காரலாம். மேடைகூட முக்கியம் இல்லை. நடுவில் நாலு நாற்காலி போட்டு, நாலு பாட்டெழுத்தாளர்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்து, கிடாரோடு முறைவைத்துப் பாடுவார்கள். முழங்கை தூரத்தில் ரசிகர்கள். பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். டிரம்ஸ் இல்லை, லைட் இல்லை. வரி நன்றாக இல்லை என்றால் அங்கேயே அடிபட்டுப்போகும். 2004இல் ஸ்விஃப்ட் பாடியதை ஸ்காட் போர்செட்டா என்ற இசை நிறுவன அதிகாரி கேட்டது இந்த அறையில்தான். வேலையை விட்டுவிட்டுத் தனிக் கம்பெனி தொடங்கும் யோசனையில் இருந்தார் அவர். அந்த 'பிக் மெஷின்' நிறுவனம் 2005இல் பிறந்தது. ஸ்விஃப்டின் அப்பா அதில் சிறு பங்கு வாங்கினார்.

முதல் பாட்டு 'டிம் மெக்ரா'. கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். காதலன் கல்லூரிக்குப் போகப் போகிறான், உறவு முடியப் போகிறது, ரேடியோவில் டிம் மெக்ராவின் பாட்டைக் கேட்கும்போதாவது என்னை நினைத்துக்கொள்வான் என்று ஒரு பெண் எண்ணுகிறாள். கன்ட்ரி வானொலிக்குக் கொடுக்கிற பாட்டில் கன்ட்ரி வானொலியின் பெரிய நட்சத்திரத்தின் பெயரையே தலைப்பாக வைக்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு, 2007 மே மாதம், ஏசிஎம் என்ற கன்ட்ரி இசை விருது விழாவில் அந்தப் பாட்டைப் பாடியபடியே மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் மனைவி ஃபெய்த் ஹில்லோடு உட்கார்ந்திருந்த டிம் மெக்ராவின் முன்னால் போய் நின்று பாடி முடித்து, கையை நீட்டித் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார். அதுவரை இருவரும் நேரில் பார்த்ததில்லை. அப்போது அவருக்கு 17 வயது.

கன்ட்ரிப் பாட்டின் உத்தி பழையது. ஒரு பொருளை முதல் சரணத்தில் சும்மா வைத்துவிட்டுப் போவார்கள். கடைசியில் அதை எடுக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கும். அல்லது, ஒரே பல்லவி மூன்று முறை வரும், வார்த்தை மாறாது, ஆனால் நடுவில் கதை நகர்ந்திருப்பதால் மூன்றாம் முறை வேறு பாட்டாகக் கேட்கும். நீங்கள் உயிரைவிடுகிற 'ஆல் டூ வெல்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய அக்கா வீட்டில் மறந்துவைத்த ஸ்கார்ஃப் முதல் சரணத்தில் வருகிறது. நிமிடங்கள் கழித்து அதே ஸ்கார்ஃப் திரும்ப வரும்போது முழு உறவின் கணக்கும் அதில் தொங்குகிறது. அந்தப் பாட்டை ஸ்விஃப்டோடு சேர்ந்து எழுதியவர் யார்? பள்ளி விட்டதும் வாராவாரம் உட்கார்ந்த அதே லிஸ் ரோஸ். 2021 நவம்பரில் அதன் பத்து நிமிட வடிவம் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதலிடம் வந்த பாட்டுகளிலேயே நீளமானது அதுதான். டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' அரை நூற்றாண்டாக வைத்திருந்த சாதனை போனது. பாப் உலகில் பாட்டெல்லாம் மூன்று நிமிடத்துக்குள் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் பத்து நிமிடம் கதை கேட்க உங்களை உட்காரவைத்தது கன்ட்ரி வித்தை.

இனி வானொலிக்கு வருகிறேன். கன்ட்ரி வானொலி ஒரு தனி ராஜ்யம். புதுப் பாடகர் என்றால் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நிலையங்களுக்குப் போய், மீட்டிங் அறையில் நாலு பேர் முன்னால் பாடிக்காட்டி, கைகுலுக்கிவிட்டு வரவேண்டும். ஸ்விஃப்டும் போனார். தன் முதல் பாட்டின் சிடிக்களைக் கவரில் போட்டு ஒட்டி நிலையங்களுக்கு அனுப்புகிற வேலையையும் அம்மாவோடு உட்கார்ந்து செய்தார். பலன் கிடைத்தது. தனியாகவே எழுதிய 'அவர் சாங்' 2007 இறுதியில் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் போனது. தனி ஆளாக எழுதிப் பாடி அந்த இடம் பிடித்தவர்களில் அவர்தான் வயதில் சின்னவர். 'ஃபியர்லெஸ்' ஆல்பத்துக்கு 2010இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி விருது கிடைத்தபோது வயது 20. கூட எழுதுகிறவர்கள்தான் உண்மையில் எழுதுகிறார்கள் என்று சிலர் முணுமுணுத்ததும், 'ஸ்பீக் நவ்' ஆல்பத்தின் 14 பாட்டையும் ஒருவர் துணையும் இல்லாமல் எழுதினார். முதல் வாரத்திலேயே 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த ராஜ்யத்துக்கு வேலியும் உண்டு. 1975இல் ஜான் டென்வர் பெயர் கன்ட்ரி இசைச் சங்கமான சிஎம்ஏ-வின் உச்ச விருதுக்கு வந்தபோது, அதை அறிவிக்க மேடையேறிய சார்லி ரிச் அந்தச் சீட்டை லைட்டரால் கொளுத்தியபடியே பெயரைப் படித்தார். 1977இல் டாலி பார்டன் பாப் பக்கம் போகிற 'ஹியர் யூ கம் அகெய்ன்' பாட்டில் பெடல் ஸ்டீல் கிடார் கட்டாயம் வேண்டும் என்று கேட்டுச் சேர்த்தார். இது கன்ட்ரிதானா என்று யாராவது கேட்டால் கைகாட்ட ஒன்று வேண்டுமே! ஷனாயா ட்வெய்ன் இன்னும் கெட்டிக்காரி. 'கம் ஆன் ஓவர்' 4 கோடிக்கு மேல் விற்ற பிறகு, 2002இல் 'அப்!' ஆல்பத்தை மூன்று நிறத்தில் கொண்டுவந்தார். பச்சை வட்டு கன்ட்ரிக்காரர்களுக்கு, சிவப்பு பாப் ரசிகர்களுக்கு, நீல வட்டில் அதே பாட்டுகள் இந்திய வாத்திய ஒலிகளோடு. நம்மூர்க் கடைகளில் அந்த நீல வட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டுதான் பேசுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

ஸ்விஃப்டும் முதலில் இந்த வழியில்தான் போனார். 'லவ் ஸ்டோரி'யைப் பாப் வானொலிக்காகப் பாஞ்சோவை அடக்கிவைத்துத் தனியாகக் கலந்து கொடுத்தார்கள். 2012இல் 'ரெட்' வந்தது. அதில் ஸ்வீடன்காரர்களான மேக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும் செய்த 'வி ஆர் நெவர் எவர் கெட்டிங் பேக் டுகெதர்' ஹாட் 100இல் அவருக்கு முதல் முதலிடம் வாங்கித் தந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பில்போர்டு தன் கன்ட்ரிப் பட்டியலின் விதியை மாற்றியது. மற்ற வானொலிகளில் ஓடுவதும் இணையத்தில் கேட்பதும் கணக்கில் சேரும் என்றது. பாப் வானொலியில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு ஒரே தாவலில் கன்ட்ரிப் பட்டியலின் உச்சிக்கு வந்து வாரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. கன்ட்ரி நிலையங்களில் மட்டும் ஓடி வரிசையில் காத்திருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது. எரியத்தான் செய்யும். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

இரண்டு படகில் கால் வைத்தபடி நிற்க முடியாது என்பது 2014 ஜனவரியில் தெளிவாயிற்று. கிராமி மேடையில் ஆண்டின் சிறந்த ஆல்பம் 'ரெட்' இல்லை, டாஃப்ட் பங்க்குடையது என்று அறிவித்தார்கள். என் கணிப்பில் ஸ்விஃப்டின் ஆகச் சிறந்த ஆல்பம் 'ரெட்'தான். அது தோற்றதற்குக் காரணமும் அது இரண்டுங்கெட்டானாக இருந்ததுதான். அன்றிரவோடு அவர் முடிவெடுத்துவிட்டார். புது ஆல்பத்தைக் கேட்ட போர்செட்டா மூன்று கன்ட்ரிப் பாட்டாவது கொடு என்று கேட்டும் மறுத்துவிட்டார். 2014 ஆகஸ்டில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து இணைய நேரலையில், இது என் முதல் முழுமையான பாப் ஆல்பம் என்று '1989'ஐ அறிவித்தார். முதல் வாரத்தில் 12 லட்சத்து 87 ஆயிரம் விற்றது. நீங்கள் வந்து சேர்ந்தது இந்த வாசலில்.

அவர் கிளம்பியது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அடுத்த வருடமே, 2015இல், ஒரு கன்ட்ரி வானொலி ஆலோசகர் பத்திரிகைப் பேட்டியில் பாடகிகளின் பாட்டை அடுத்தடுத்துப் போடாதீர்கள் என்றார். சாலட்டில் கீரை ஆண்கள், பெண்கள் தக்காளி என்று உவமையும் தந்தார். அப்படிப்பட்ட வாசலில் 25 வயதுப் பெண் ஏன் காத்துக்கிடக்க வேண்டும்?

ஆனால் கிளம்பிப் போனவர் சொல்லாமல் கொள்ளாமல் பின்கதவு வழியாக வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். '1989'இல் 'திஸ் லவ்' பாட்டைப் பாருங்கள். மேக்ஸ் மார்ட்டின் கை படாதது, அவர் தனியாக எழுதியது, தயாரித்தவர் முதல் ஆல்பத்திலிருந்து கூட இருந்த நேதன் சாப்மன். 2016இல் லிட்டில் பிக் டவுன் குழு 'பெட்டர் மேன்' என்றொரு பாட்டு வெளியிட்டது. எழுதியவர் பெயரைச் சில நாள் வெளியே விடவில்லை. பாட்டு வானொலியில் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அது டெய்லர் ஸ்விஃப்ட் எழுதியது என்று சொன்னார்கள். 2017இல் ஆண்டின் சிறந்த பாட்டுக்கான சிஎம்ஏ விருது அந்தப் பாட்டுக்குக் கிடைத்தது. கன்ட்ரியை விட்டுவிட்டார் என்று நீங்கள் சொல்கிற காலத்தில், 'ரெப்யூடேஷன்' ஆல்பத்தில் பாம்பும் பழிவாங்கலுமாக அவர் திரிந்துகொண்டிருந்த அதே நவம்பரில் நடந்தது இது.

உங்களுக்கும் அவருக்கும் இருக்கிற ஒட்டுறவுகூட அங்கிருந்து வந்ததுதான். நாஷ்வில்லில் 1972இல் ஃபேன் ஃபேர் என்ற பெயரில் ஒரு திருவிழா தொடங்கியது. நட்சத்திரங்கள் ஸ்டாலில் உட்கார்ந்து வரிசையில் வருகிற ஒவ்வொரு ரசிகருக்கும் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். பந்தா காட்டினால் தொழில் போய்விடும். 1996இல் கார்த் புரூக்ஸ் 23 மணி நேரம் இடைவிடாமல் நின்று கையெழுத்துப் போட்டார். 2010 ஜூனில் ஸ்விஃப்ட் 13 மணி நேரம் என்று அறிவித்து அதையும் தாண்டி உட்கார்ந்திருந்தார். ரசிகர்களை வீட்டுக்கு வரவழைத்து ஆல்பம் போட்டுக்காட்டியதும், ஆல்பம் அட்டைக்குள் உங்களுக்கென்று துப்பு வைப்பதும் அந்தக் கையெழுத்து வரிசையின் நீட்சி. 149 நிகழ்ச்சிகள், ஒரு கோடிப் பேர், 200 கோடி டாலருக்கு மேல் வசூல் என்று ஈராஸ் டூர் முடிந்ததற்கு அந்தப் பழக்கம்தான் முதலீடு.

கடைசியாக அந்த மாஸ்டர் விவகாரம். இதில் நீங்கள் போட்ட சண்டை எனக்குத் தெரியும். ஸ்கூட்டர் பிரான் பெயரைக் கேட்டாலே கொதிப்பீர்கள். 2019 ஜூனில் அவருடைய நிறுவனம் பிக் மெஷினை வாங்கியது, கூடவே ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் ஒலிப்பதிவு உரிமையும் போனது. 2020இல் அது ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. நீங்கள் கவனிக்காத இடம் ஒன்று இதில் உண்டு. ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது: பதிவு செய்த ஒலி ஒன்று, எழுதிய பாட்டு இன்னொன்று. ஒலி கம்பெனிக்குப் போனாலும் எழுத்துக்கு உரியவர் ஸ்விஃப்ட். ஒப்பந்தத் தடைக்காலம் முடிந்ததும் அதே பாட்டுகளைத் திரும்பப் பாடிப் பதிவு செய்ய ஆரம்பித்தார். சினிமாவுக்கோ விளம்பரத்துக்கோ பாட்டு கேட்டு வருகிறவர்களுக்கு எழுதியவரின் சம்மதமும் வேண்டும்; பழைய பதிவுக்குச் சம்மதம் கிடையாது, புதுப் பதிவை எடுத்துக்கொள் என்று அவரால் சொல்ல முடிந்தது. பிறர் எழுதிய பாட்டைப் பாடி மட்டும் பெயர் வாங்கிய நட்சத்திரமாக இருந்தால் இந்தப் பிடி கையில் இருந்திருக்காது. 14 வயதில் சோனி ஏடிவியில் மேசை போட்டு உட்கார்ந்த பெண் 30 வயதில் அந்த மேசையை வைத்தே ஜெயித்தார். 2025 மே மாதம் ஷாம்ராக்கிடமிருந்து எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிட்டதாக உங்களுக்குத்தான் கடிதம் எழுதினார்.

எல்லாரும் இப்படி ஜாலியாகப் போய்வர முடிவதில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். 2020இல் ஸ்விஃப்ட் 'பெட்டி' பாட்டோடு, மவுத் ஆர்கனும் கிடாருமாக, கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் ஏசிஎம் மேடையேறியபோது ஊர்ப் பிள்ளை ஊர் திரும்பியது என்று வரவேற்றார்கள். டெக்சஸில் பிறந்து வளர்ந்த பியான்சே 2024இல் 'கவ்பாய் கார்ட்டர்' கொண்டுவந்தபோது சிஎம்ஏ ஒரு பரிந்துரைகூடக் கொடுக்கவில்லை. மறு ஆண்டு கிராமியில் அதே ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பம். போட்டுக்கொண்ட இழுவைப் பேச்சுக்குத் திறந்த கதவு, பிறந்த ஊர்ப் பேச்சுக்குத் திறக்கவில்லை. காரணம் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

திட்டுவீர்கள் என்று தெரிந்தே ஒன்று சொல்கிறேன். 2025 அக்டோபரில் வந்த 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே, ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து, 40 லட்சம் பிரதிக்குச் சமமாக ஓடியது. மறுபடி மேக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக். மெட்டெல்லாம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எடுத்துவைத்துத் திரும்ப எடுக்கிற அந்த ஸ்கார்ஃப் எனக்கு அதில் அகப்படவில்லை. 'ஃபோக்லோர்', 'எவர்மோர்' இரண்டிலும் ஒரு பாட்டுக்கு ஒரு கதை கிடைத்தது. 'நோ பாடி, நோ கிரைம்' டிக்ஸி சிக்ஸின் 'குட்பை ஏர்ல்' வகையறாக் கொலைக் கதைப் பாட்டு. புகழைப் பற்றியே பாடுகிற பாட்டில் கதை வற்றிவிடுகிறது.

அந்த மே மாதக் கடிதத்தில் முதல் ஆல்பத்தையும் முழுதாகத் திரும்பப் பதிவு செய்து முடித்துவிட்டதாக எழுதியிருந்தார். காலம் வரும்போது வெளிவரும் என்றார். எனக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். 'ஃபியர்லெஸ்' மறுபதிவிலேயே இழுவைப் பேச்சு பாதி கரைந்திருந்தது. 16 வயதில் வெளியிட்ட 'அவர் சாங்' பாட்டை அந்தப் பேச்சு இல்லாமல் கற்பனையே செய்ய முடியாது. வார்த்தைகள் அதை நம்பித்தான் தாளத்தில் விழுகின்றன. முப்பதைத் தாண்டியவர் அதை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டால் மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கும், விட்டுவிட்டால் பாட்டு நொண்டும். விட்டிருப்பார் என்று நான் பந்தயம் கட்டுகிறேன். பாஞ்சோவையும் ஃபிடிலையும் குறைத்திருந்தால் மட்டும் இன்னொரு மடல் வரும், அது உங்களுக்கு இல்லை, அவருக்கு.

அன்புடன்,
'டிம் மெக்ரா' காலத்து ரசிகன்